ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவன்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நீயும் நாள் முழுக்கக் கடையில் நின்றுகொண்டே இருக்காதே, ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுக்கொள்.

மூன்று வாரமாக என் போன் எடுக்கவில்லை என்று கத்திக்கொண்டிருப்பாய். லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்தபோது சட்டைப் பையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்துவிட்டது. வேறு போன் வாங்கக் கொஞ்ச நாளாகும். அதுவரை கடிதம்தான்.

தங்குமிடம் மாறிவிட்டது. பெரிய கட்டிடம். ஒரு அறைக்கு எட்டுப் பேர். மணியடித்தால் சாப்பாடு வந்துவிடும், பாத்திரம் கழுவும் வேலைகூட இல்லை. காலை ஆறு மணிக்கு எழுப்பிவிடுகிறார்கள். "உனக்கு ஒழுங்குன்னா என்னன்னே தெரியாது" என்பாயே, இப்போது வந்து பார்த்தால் அசந்துபோவாய். வேலைதான் கொஞ்ச நாளாக இல்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த கட்டிடங்களை வேறு கம்பெனி எடுத்துக்கொண்டது. அந்த மாற்றத்தில் சின்னத் தாமதம்.

பதில் போடும்போது என் பெயருக்குக் கீழே கவரில் இருக்கும் எண்ணையும் எழுது. அறை எண் மாதிரிதான், மறந்துவிடாதே.

உன் தம்பி


பிப்ரவரி 20

குள்ளனுக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, ஸ்டூல் வாங்கியாகிவிட்டது. இரண்டு கேள்விக்கும் பதில் வந்துவிட்டதா? இனி என் கேள்விக்கு வா.

காலையிலிருந்து இரவு வரை அடுத்தவர் காகிதத்தைப் பிரித்து, நகல் எடுத்து, ஒட்டிக் கொடுத்து வயிறு வளர்க்கிறவள் நான். ஜெராக்ஸ் கடைக்காரியை ஒரு கவரை வைத்து ஏமாற்றலாம் என்று நினைத்தாயே, அந்தத் தைரியத்தை என்ன சொல்வது? கவரைப் பிரித்துத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். பின்பக்கம் மங்கலாக ஒரு முத்திரை. அதை மெஷினில் வைத்து இரண்டு மடங்கு பெரிதாக்கினேன். பெரிதாக்கியதைப் போனில் படம் பிடித்து அதிலேயே தமிழாக்கிப் பார்த்தேன். "தடுப்புக் காவல் மையம்" என்று வந்தது. நம்பாமல் மூன்று முறை எடுத்தேன். மூன்று முறையும் அதேதான் வந்தது.

எட்டு இலக்கத்தில் அறை எண் எந்த ஊரிலடா இருக்கிறது? உன் சாமர்த்தியத்தை என்னிடமா காட்டுகிறாய்?

என்ன செய்தாய்? யாரையாவது அடித்தாயா? எதுவாக இருந்தாலும் சொல். திட்டுவதாக இருந்தால் நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள்கிறேன். அம்மாவிடம் போன் தண்ணீரில் விழுந்த கதையைத்தான் சொல்லியிருக்கிறேன். "அவனுக்குச் சின்ன வயசுல இருந்தே கை நிக்காது" என்றாள்.

கடையில் ஆள் வந்து நிற்கிறது. இத்தோடு நிறுத்துகிறேன்.

அக்கா


மார்ச் 15

அக்கா,

நலமாக இருக்கிறேன், இது பொய்யில்லை. நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும்.

நான் யாரையும் அடிக்கவில்லை. ஒரு அலுவலகக் கட்டிடத்தில் லிஃப்டின் மேல் உட்கார்ந்து கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். கீழே இரண்டு அதிகாரிகள் வந்து எல்லாருடைய வேலை அனுமதிக் கார்டையும் கேட்டார்கள். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு போய் என் கார்டையும், புதுப்பிக்கக் கொடுத்த விண்ணப்பத்தின் ரசீதையும் காட்டினேன். "இந்த ரசீது இருக்கிறவரை நீங்கள் இங்கே வேலை செய்யலாம்" என்று அதைக் கொடுத்த பெண்ணே சொல்லியிருந்தாள். அவர்கள் மெஷினில் என் கார்டு ரத்து என்று வந்தது. பழைய கம்பெனி கைமாற்றிவிடும்போது எங்கள் எல்லார் பெயருக்கு எதிரிலும் "வேலையை விட்டுப் போனவர்" என்று எழுதிக் கொடுத்துவிட்டதாம். நான் எங்கே போனேன்? அதே லிஃப்ட், அதே சாவிக்கொத்து. சட்டையில் போட்டிருந்த கம்பெனி பெயர் மட்டும்தான் மாறியது.

நான் ஒளிந்து வந்தவன் இல்லை அக்கா. விமானத்தில் வந்து, வரிசையில் நின்று, பத்து விரலும் வைத்து, முத்திரை வாங்கி, முன்வாசல் வழியாக வந்தவன். இதை இங்கே பார்க்கிற எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக் கட்டிலில் நம் மொழிக்காரர் ஒருவர் இருக்கிறார், தையல்காரர். "இங்க இருக்கிற எட்டு பேரும் முன்வாசல் வழியா வந்தவங்கதான் தம்பி" என்கிறார்.

சட்ட உதவி செய்யும் அம்மா ஒருவர் வாரம் ஒரு நாள் வருகிறார். பாஸ்போர்ட்டில் இருப்பதோடு ஒத்துப்போகிற காகிதம் ஒன்று ஊரிலிருந்து வந்தால், விசாரணை முடியும்வரை என்னைப் பிணையில் விட வாய்ப்பு இருக்கிறதாம். என் பள்ளிச் சான்றிதழை அனுப்பு. பீரோவில் பச்சைப் பையில் இருக்கும். அது ஒன்று போதும் என்று அவர் சொன்னார்.

ஏப்ரல் கடைசியில் விசாரணை. அதற்குள் வந்துவிட்டால் மே மாதம் உன்னிடம் போனில் திட்டு வாங்குவேன்.

தம்பி


மார்ச் 29

குள்ளனுக்கு,

சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? நாங்கள் இரண்டையும் செய்துகொண்டுதான் இருக்கிறோம், கவலைப்படாதே.

உன் கடிதம் வந்த அன்றே வேலையில் இறங்கிவிட்டேன். ஒரு காகிதம் கேட்டால் ஒன்றை மட்டும் கொண்டு வருகிற ஆட்களை எனக்குத் தெரியும். மறுநாளே இன்னொன்று இல்லை என்று கடைக்குத் திரும்ப ஓடி வருவார்கள். என் தம்பி அப்படி அலையக் கூடாது. பள்ளிச் சான்றிதழ், தொழிற்பயிற்சிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, அம்மாவின் அடையாள அட்டை, வீட்டு கரண்ட் பில், எல்லாவற்றையும் நகல் எடுத்து, கையெழுத்து வாங்கி, வரிசையாகக் கோத்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலே என்ன வைத்திருக்கிறேன் தெரியுமா? நீ பிறந்த ஆஸ்பத்திரியின் சான்றிதழ். நம்மிடம் அது இல்லவே இல்லை. மூன்று நாள் அங்கே போய் நின்றேன். பதிவேடு அறையில் இருந்தவர், "இவ்வளவு பழசெல்லாம் கிடைக்காதும்மா" என்றார். "நீங்க நகருங்க சார், நான் தேடிக்கிறேன்" என்று நானே உள்ளே புகுந்து தூசியில் தேடி எடுத்தேன்.

அதில் உன் தேதி அக்டோபர் பதினொன்று. பள்ளிச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் ஜூன் ஒன்று, அதுவும் முந்தின வருடம். அதனால் என்ன? இங்கே பாதி ஊருக்கு இரண்டு பிறந்த தேதி. எந்த அதிகாரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்? ஆனாலும் உன் அதிகாரி குழம்பக் கூடாதே என்று ஒரு துண்டுச் சீட்டில், "பள்ளியில் கொடுத்தது தோராயமான தேதி, உண்மையான தேதி இதுவே" என்று ஆங்கிலத்தில் டைப் அடித்து மேலே ஒட்டியிருக்கிறேன்.

உனக்கு அனுப்பினால் பிரித்து ஒட்டியே நாளைக் கடத்துவார்கள். அதனால் நேராக அந்த அலுவலகத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஊரே மெச்சுகிற மாதிரி ஒரு கட்டு, போ.

அக்கா


மே 6

அக்காவுக்கு,

நலம். அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

நீ அனுப்பிய கட்டு வந்து சேர்ந்தது. விசாரணை நடந்தது. அதிகாரி எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார், உன் துண்டுச் சீட்டையும் படித்தார். கோப்பு வேறு பிரிவுக்குப் போயிருக்கிறது. கொஞ்சம் நாளாகும் போலிருக்கிறது.

இனிமேல் அலுவலகத்துக்கு நேராக எதையும் அனுப்பாதே. இங்கே விதி அப்படி. வேறு ஒன்றுமில்லை.

தம்பி


மே 19

குள்ளனுக்கு,

நலம்தானே? நாலு வரியில் கடிதம் போட்டால் நான் என்னவென்று நினைப்பது? பேனாவில் மை இல்லையா, சோம்பலா?

கோப்பு வேறு பிரிவுக்குப் போனது நல்லதுதான். என் கடைக்கு எதிரில் இருக்கிற அலுவலகத்தில் கோப்பு ஒரே மேஜையில் உட்கார்ந்துவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

அந்தச் சான்றிதழைக் கையில் வாங்கியதிலிருந்து உன்னைப் பள்ளியில் சேர்த்த நாள்தான் ஞாபகம். நான் நாலாம் வகுப்பு. அம்மாவும் அப்பாவும் ஆலைக்குப் போயாகிவிட்டது, நான்தான் உன்னை இழுத்துக்கொண்டு போனேன். தலைமையாசிரியர் உன்னை மேலும் கீழும் பார்த்தார். "கையைத் தலைக்கு மேல போட்டு அந்தப் பக்கக் காதைத் தொடு பாப்போம்" என்றார். தொட்டால் ஐந்து வயது, தொடாவிட்டால் வீட்டுக்குப் போ. உனக்கு நாலுகூட நிறையவில்லை, கை எங்கே எட்டும்? ஒரு வாரம் உனக்குப் பயிற்சி கொடுத்திருந்தேனே, தலையை அந்தப் பக்கம் லேசாகச் சாய்க்க வேண்டும் என்று. நீயும் பெரிய மனிதன் மாதிரி சாய்த்துத் தொட்டுவிட்டாய். "எப்போ பொறந்தான்?" என்றார். தெரியாது என்று சொன்னால் பள்ளி திறந்த தேதியைப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். "தெரியாது சார், அஞ்சு முடிஞ்சிடுச்சு" என்றேன். ஜூன் ஒன்று என்று எழுதிக்கொண்டார். உன் வகுப்பில் இருபத்து மூன்று பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள். நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அக்டோபருக்குள் வந்துவிடு. ஒரு தடவையாவது உண்மையான தேதியில் உன் பிறந்த நாளைக் கொண்டாடுவோம்.

அக்கா


ஜூன் 30

தம்பி,

நலமா? ஆறு வாரமாகிறது, உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஜூன் ஒன்றாம் தேதிக்கு வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தேனே, வந்ததா? கோபம் என்றால் கோபத்தையாவது எழுது. தபால்காரர் இப்போதெல்லாம் என் கடையைக் கண்டால் தெருவுக்கு அந்தப் பக்கமாகப் போகிறார்.

அக்கா


ஜூலை 22

மதிப்புக்குரிய சகோதரிக்கு,

முன்பின் தெரியாதவன் எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் தம்பிக்குப் பக்கத்துக் கட்டில் நான். ஊரில் தையற்கடை வைத்திருந்தேன், இங்கே தொழிற்சாலையில் தைத்தேன், இப்போது இந்த அறையில் எல்லார் சட்டைக்கும் பொத்தான் வைக்கிறேன். உங்கள் வீட்டில் எல்லாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் தம்பிக்கு உடம்பு நோய் ஒன்றும் இல்லை. ஆனால் சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை. நீங்கள் அனுப்பிய கடிதங்களைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறார். பதில் எழுத உட்காருவார், கிழித்துவிடுவார். "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அண்ணே" என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். சரி என்று சொன்னேன். இப்போது அந்த வாக்கை மீறுகிறேன். தெரியாமலே இருந்தால் நீங்கள் இன்னும் ஏதாவது அனுப்பிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

விசாரணையில் பள்ளிச் சான்றிதழ் மட்டும் இருந்திருந்தால் அன்றே விட்டிருப்பார்கள் என்று சட்ட உதவி அம்மா சொன்னாராம். பாஸ்போர்ட்டோடு அது அச்சாக ஒத்துப்போனது. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் வேறு தேதி. அதன்மேல் உங்கள் சீட்டு. "இரண்டு பேரில் நீ யார்?" என்று அதிகாரி கேட்டிருக்கிறார். அடையாளம் சந்தேகத்துக்குரியது என்று எழுதிவிட்டார்கள். ஊருக்காவது அனுப்பிவிடுங்கள் என்று இவர் கேட்டார். நம் தூதரகமோ, எந்தத் தேதிக்காரர் என்று முடிவாகாமல் பயணக் காகிதம் தர முடியாது என்கிறது. ஆக இங்கே இருக்கவும் முடியாது, அங்கே போகவும் முடியாது.

உங்கள்மேல் அவருக்குத் துளியும் வருத்தம் இல்லை. அதை மட்டும் நம்புங்கள்.

தையல்காரன்


ஆகஸ்ட் 5

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். கவரில் எழுதியுள்ள எண்ணுக்குரிய மனிதனின் அக்கா நான். உங்கள் அலுவலகத்தில் அனைவரும் நலமாக இருக்க வேண்டும்.

இரண்டு தேதிகளும் ஒரே ஆளுக்குரியவை. தவறு அவனுடையது இல்லை. ஒன்பது வயதில் நான் சொன்ன பொய் அது. ஏன் சொன்னேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் தாய் தந்தை இருவரும் ஆலையில் வேலை செய்தார்கள். விடிந்ததும் போய்விடுவார்கள். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மா சொன்னபடி இவனை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு, சாவியை ஆலைக் கேட்டில் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இவன் கதவுக்குப் பின்னால் அழுவான். அந்த அழுகையைத் தாண்டிப் போக என்னால் முடியாது. சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்துகொள்வேன். கதவுக்கடியில் விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கும். இவன் என் விரலைப் பிடித்துக்கொள்வான். தெருவில் போகிறதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பேன். பள்ளிக்குப் போகாததற்கு அடி வாங்கினேன். வேறு வழி தெரியாமல்தான் ஐந்து வயது ஆகிவிட்டது என்று சொல்லிப் பள்ளியில் சேர்த்தேன்.

அவன் அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் பள்ளியில் எழுதிய தேதியைத்தான். தண்டனை உண்டு என்றால் எனக்குக் கொடுங்கள். அவனை விட்டுவிடுங்கள்.

சத்தியமாக இது உண்மை.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா


செப்டம்பர் 17

(மொழிபெயர்க்கப்பட்ட பிரதி)

அம்மையீர்,

தங்கள் 5 ஆகஸ்ட் தேதியிட்ட கடிதம் பெறப்பட்டது.

மேற்கண்ட நபரின் பிறந்த தேதியைப் பள்ளிக்குப் பொய்யாகத் தெரிவித்ததாகத் தாங்கள் ஒப்புக்கொண்டுள்ளீர்கள். எனவே அதன் அடிப்படையில் பெறப்பட்ட பாஸ்போர்ட்டும், அந்தப் பாஸ்போர்ட்டின் பேரில் வழங்கப்பட்ட நுழைவு அனுமதியும் தவறான தகவலால் பெறப்பட்டவையாகக் கருதப்படும். அந்த நபர் இந்நாட்டிற்குள் சட்டப்படி நுழைந்தவர் என்ற கோரிக்கை இனி பரிசீலிக்கப்பட மாட்டாது.

தவறான தகவல் அளித்ததாகத் தாங்களே கூறியிருப்பதால், தங்கள் இதர கூற்றுகளைச் சாட்சியமாக ஏற்க இயலாது.

அவரது காவல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்படும். இக்கடிதத்திற்குப் பதில் தேவையில்லை.


அக்டோபர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பிதான். நன்றாக இருக்கிறேன் என்று எழுத மாட்டேன். சாப்பிட ஆரம்பித்துவிட்டேன், தையல்காரர் விடுவதில்லை. அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

உனக்கு வந்த கடிதத்தின் நகல் எனக்கும் வந்தது. நீ அவர்களுக்கு எழுதியதையும் காட்டினார்கள். ஐந்து மாதமாக வாய் திறக்காமல் இருந்தது என் தப்பு. நானே சொல்லித் தடுத்திருந்தால் நீ இதை எழுதியிருக்க மாட்டாய். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு உன் கையாலேயே இன்னொன்றையும் செய்ய வைத்துவிட்டேன். மன்னித்துவிடு.

முன்வாசல் வழியாக வந்தவன் என்று இனிமேல் சொல்ல முடியாது. அது ஒன்றுதான் என்னிடம் இருந்தது. போகட்டும் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. சட்ட உதவி அம்மா மேல்முறையீடு போட்டிருக்கிறார். எத்தனை நாளாகும் என்றால் அவருக்கும் தெரியவில்லை.

லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் நாங்கள் முதலில் என்ன செய்வோம் தெரியுமா? மெஷின் அறைக்கு ஓட மாட்டோம். கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுப்போம். எப்போது திறப்பீர்கள் என்று கேட்பார்கள். நேரம் சொல்லக் கூடாது, சொன்ன நேரத்தில் திறக்காவிட்டால் உள்ளே இருப்பவர் உடைந்துபோவார். பேச்சை மட்டும் நிறுத்தக் கூடாது. இதைப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபோது மற்றவர்கள் குறிப்பு எடுத்தார்கள். எனக்குத் தேவைப்படவில்லை. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. உன் கடிதத்தைப் படித்ததும்தான் தெரிந்தது.

நீ அன்றைக்குப் பொய் சொல்லாவிட்டால் நான் இன்னும் ஒன்றரை வருடம் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்திருப்பேன். எனக்கு அந்த அறையின் இருட்டு ஞாபகம் இல்லை, உன் விரல்தான் ஞாபகம். அந்தப் பொய்க்காக என்னிடம் ஒரு நாளும் வருத்தப்படாதே.

இனிமேல் காகிதம் எதுவும் யாருக்கும் அனுப்பாதே அக்கா. எனக்குக் கடிதம் மட்டும் போடு.

தம்பி


அக்டோபர் 11

என் தம்பிக்கு,

இன்றைக்குத்தான் உன் பிறந்த நாள். கடையைச் சீக்கிரம் சாத்திவிடலாம் என்று நினைத்தேன். சாத்திவிட்டு எங்கே போவது என்று தெரியவில்லை, திறந்தே வைத்திருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். நகல் எடுக்க வந்த பெண், "என்னக்கா, மெஷின் புகையா?" என்றாள். ஆமாம் என்று சொன்னேன். பார், இன்னும் பொய் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டாள். பிறகு, "அன்னிக்கு நான்தானே பூட்டச் சொன்னேன்" என்றாள். அவளை எப்படித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன்.

என் வாழ்க்கையில் எந்தக் காகிதத்துக்கும் நான் பயந்ததில்லை. எந்த அலுவலகத்தில் எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்று ஊருக்கே சொல்லிக்கொடுப்பவள். இப்போது ஒரு வெள்ளைத் தாளை மெஷினில் வைக்கவே கை கூசுகிறது. உனக்காக இனிமேல் என்னால் செய்ய முடிந்தது ஒன்றும் இல்லை. எனக்கு அது தெரிந்துவிட்டது. அன்றைக்கும் சாவி என்னிடம் இருந்ததில்லையே.

எப்போது என்று நீ கேட்காதே, நானும் சொல்ல மாட்டேன். ஸ்டூலை வாசலில் போட்டு உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டிரு.

மணி நாலேகால். இப்போது ஒரு சைக்கிள் போகிறது, பின்னால் சிலிண்டர் கட்டியிருக்கிறது. எதிர் அலுவலகத்து வாட்ச்மேன் காதைக் குடைந்துகொண்டிருக்கிறார். ஒரு குடையில் இரண்டு பெண்கள் வருகிறார்கள், மழையே இல்லை. பழைய நாய்தான், அதே இடத்தில் படுத்திருக்கிறது. தபால்காரர் வருகிறார், இன்றைக்கு இந்தப் பக்கமாகத்தான் வருகிறார். அவர் போனதும் அடுத்து யார் வருகிறார்கள் என்று சொல்கிறேன்.

அக்கா